மேற்பரப்புத் தாழ்வு

மாநகராட்சியின் சாலைப் பிரிவில் 'குழி' என்ற வார்த்தைக்குத் தடை. டீக்கடையில் சொல்லலாம், தடுக்கி விழுந்தால் கத்திச் சொல்லலாம், ஃபைலில் மட்டும் எழுதக் கூடாது. குழி என்று எழுதிவிட்டால் அதை மூடாமல் விட்டது யார் என்று அடுத்த கேள்வி வரும். அதனால் 'மேற்பரப்புத் தாழ்வு' என்று எழுத வேண்டும். தாழ்வு யாரைக் கேட்டு வருகிறது, அதுபாட்டுக்கு வரும்.

இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவர் பிரிவின் பொறியாளர். எந்தக் கண்றாவியையும் ஒரு பூச்சுப் பூசிப் பளபளவென்று காட்டிவிடுவார் என்பதால் அவருக்கு ஆபீஸில் 'வார்னிஷ்' என்று பெயர். அவருக்குக் கீழே ஊர் ரோடுகளை அளந்து எழுதுகிற வேலை பார்த்தவளுக்கு 'அளவுகோல்' என்று பெயர். ஓரடி இரும்புக் கோல் ஒன்றும் சாக்பீஸ் துண்டும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. நாற்பது தாண்டியவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் குடியிருந்தாள்.

பதினாறு வருஷ வேலையில் அவளுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. அது அவளுடைய அளவுப் புத்தகம். பென்சில் தொடமாட்டாள், பேனாதான். தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்து வைப்பாள். பக்கத்தைக் கிழிக்கமாட்டாள். புத்தகத்தைக் கிழிப்பதும் விரலை வெட்டிக்கொள்வதும் ஒன்றுதான் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவர்கள் காதில் ரத்தம் வரவைத்திருக்கிறாள். அப்பேர்ப்பட்டவள் என்ன செய்தாள் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

மாநில அரசிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நகரங்களின் முக்கியச் சாலைகளுக்குப் புதிய மேல்தளம் போட மானியம் தருகிறோம், விண்ணப்பியுங்கள், பழுதடைந்த சாலைகளுக்கு முன்னுரிமை என்று எழுதியிருந்தது. கூடவே ஒவ்வொரு ரோட்டுக்கும் மார்க் போட்டு அனுப்ப வேண்டும். ரோடு கண்ணாடிபோல இருந்தால் நூறு, நாசமாகக் கிடந்தால் பூஜ்யம்.

வார்னிஷ் முதல் பக்கத்தைப் படித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். மீதிப் பதினான்கு பக்கங்களைப் படிக்கிற அளவுக்கு அவருக்குப் பொறுமை என்றைக்கும் இருந்ததில்லை. முன்னுரிமை என்ற வார்த்தை கண்ணில் பட்டதும் ஆளாய்ப் பறக்க ஆரம்பித்துவிட்டார். அளவுகோலைக் கூப்பிட்டு மார்க்கெட் ரோட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டார். ஐம்பத்திரண்டு என்றாள்.

"ஐம்பத்திரண்டா? பாஸ் மார்க்கை வெச்சுக்கிட்டு யாரும்மா நமக்குப் பணம் தருவாங்க? ரோடு ஃபெயிலாகணும். போட்டோவுல ஆழம் தெரியணும்."

ரோடு எப்படி சார் தானாக ஃபெயிலாகும் என்று அவள் கேட்டாள். தானாக யார் ஆகச் சொன்னது என்று அவர் மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மேஸ்திரி நான்கு ஆட்களோடும் கடப்பாரை, பிக்காசோடும் வந்து நின்றார். இருபது வருஷமாகக் குழி மூடிச் சம்பளம் வாங்கினவர் அவர். மூடத்தானே நமக்குச் சம்பளம், இதென்ன புதுசாக இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். மேலே உத்தரவு என்றாள் அளவுகோல். சொன்னபோது அவளுக்கே நாக்கு கசந்தது. ஆனாலும் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தது அவள்தான். பதினோரு குழிகள். மூடிக் கிடக்கும் செருப்புக்கடைக்கு எதிரே ஒன்று இருந்தது, ஏழு சென்டிமீட்டர். கடப்பாரை இறங்கி ஏறியதில் அது பத்தொன்பது ஆனது. ஓரங்களைப் பிக்காசால் பிய்த்து, பழைய குழிபோலத் தெரியட்டும் என்று வாளியில் அழுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அவள் இரும்புக் கோலைக் குழிக்குள் நிறுத்திப் போட்டோ எடுத்தாள், புத்தகத்தில் பேனாவால் 19 என்று எழுதினாள்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் ஊருக்காக உழைக்கிறீர்களே, நல்லா இருங்கம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அளவுகோல் கோலை எடுத்துக்கொண்டு அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தாள்.

மார்க் முப்பத்தொன்றுக்கு இறங்கியது. வார்னிஷுக்கு வாயெல்லாம் பல். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது, விண்ணப்பத்தைத் தைக்க உட்கார்ந்த கிளார்க் பொழுது போகாமல் சுற்றறிக்கையின் பின்பக்கங்களைப் புரட்டினார். மூன்றாம் இணைப்பில் ஒரு வரி இருந்தது. நாற்பது மார்க்குக்குக் கீழே உள்ள சாலைகள் மேல்தளத்துக்குத் தகுதியற்றவை, அவற்றை அடியிலிருந்து புனரமைக்க வேண்டும், அதற்கான திட்டம் பின்னர் அறிவிக்கப்படும். பின்னர் என்றால் எப்போது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

ஐம்பத்திரண்டே போதுமாக இருந்திருக்கிறது. சும்மா இருந்திருந்தால் கிடைத்திருக்கும். கிடைக்கிறதைக் கடப்பாரையால் குத்திக் கெடுத்த மேதாவிகள் உலகத்தில் இவர்கள் மட்டும்தான் இருக்க முடியும்.

வார்னிஷ் அசரவில்லை. தார் கலவைக்கு ஆர்டர் போட்டு வாங்கப் பத்து நாளாகும் என்பதால் கல் உடைக்கிற இடத்திலிருந்து கிரஷர் தூளைக் கொண்டுவந்து குழிகளில் கொட்டித் தண்ணீர் தெளித்து மிதிக்கச் சொன்னார். மறுபடியும் இரும்புக் கோல், மறுபடியும் போட்டோ. இந்தத் தடவை செருப்புக்கடைக் குழி நான்கு சென்டிமீட்டர்.

"பழைய புத்தகத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசுல எழுதிடும்மா. மேற்பரப்புத் தாழ்வு நாலு. போக்குவரத்துக்கு உகந்தது. அவ்வளவுதான்."

அவள் புதுப் புத்தகத்தில் எழுதினாள். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, அச்சடித்த மாதிரி வந்தது. அப்படி ஒரு சுத்தமான பக்கத்தை அவள் வாழ்நாளில் எழுதியதில்லை, பொய் எழுதும்போது கை தடுமாறுவதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். மார்க் ஐம்பத்துநான்கு. பழைய புத்தகத்தை அவள் கிழிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணி அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்தாள்.

விண்ணப்பம் போய் ஒன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் ஒரு பகல் ஒரு இரவு. மறுநாள் மதியம் மேஸ்திரி போன் செய்து, தூளெல்லாம் சாக்கடையோடு போய்விட்டது, பதினொன்றும் பழைய ஆழத்துக்கே வந்துவிட்டது, தண்ணீர் தேங்கி மேலே ஒன்றுமே தெரியவில்லை என்றார். அவள் வார்னிஷிடம் போய்ச் சொன்னாள். ஒரு தடுப்பாவது வைக்கலாம் சார் என்றாள்.

"மேலேர்ந்து டீம் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் அந்த ரோட்டைத் தொடக் கூடாது. நாலு சென்டிமீட்டர் தாழ்வுக்கு எவனாவது தடுப்பு வைப்பானா? வெச்சா நம்ம ரிப்போர்ட்டு பொய்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

சரி சார் என்று அவள் சீட்டுக்குத் திரும்பினாள். வேறு ரோட்டின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை எழுதினாள். ஃபைலில் அந்தக் குழி மூடியாகிவிட்டது, அவள் மனசிலும் அப்படியே மூடிக்கொண்டது.

அவளுடைய தம்பி பேக்கரி வேன் ஓட்டுகிறவன். தினமும் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுப்பான். மறுநாளும் எடுத்தான். தம்பி மனைவி குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்ததால் டிபன் டப்பாவை அளவுகோல்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். மழை விட்டிருந்தது. ஆறரைக்கு, செருப்புக்கடை எதிரே, முன்சக்கரம் தண்ணீருக்குள் இறங்கியது. ஸ்டீயரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு இடது பக்கம் ஒடிந்தது. ஸ்கூட்டரில் வந்த ஒரு தையல்காரியை வேன் இடித்துத் தள்ளியது. அவளுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தம்பியே அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். போலீஸ் வந்து அஜாக்கிரதையாக வண்டி ஓட்டினான் என்று அவன்மேல் கேஸ் எழுதியது.

லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கேஸ் நிரூபணமானால் ஜெயில், அதற்குப் பிறகு வண்டி ஓட்டுகிற பிழைப்பே கிடையாது. பேக்கரிக்காரர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். வேன் ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாத தம்பி, வீட்டுக்குள் நாலு சுவருக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தான். குழி இருந்துச்சுக்கா, சத்தியமா இருந்துச்சு, யாரும் நம்பமாட்டேங்கிறாங்க என்று அவளிடமே சொல்லிச் சொல்லி அழுதான். நான் நம்புறேண்டா என்றாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது தன் வாயைத் தானே கழுவ வேண்டும் என்று தோன்றியது.

வக்கீல் வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான். வக்கீல் ஒரு காகிதத்தை மேஜைமேல் தள்ளினார். ரோடு எப்படி இருந்தது என்று போலீஸ் கேட்டதற்கு மாநகராட்சி அனுப்பிய பதில், புது அளவுப் புத்தகத்தின் பக்க நகல். மேற்பரப்புத் தாழ்வு 4 செ.மீ., போக்குவரத்துக்கு உகந்தது.

"இந்த ஒரு காகிதம்தாங்க தம்பியை உள்ளே தள்ளப் போகுது. நாலு சென்டிமீட்டர்ல வண்டி எப்படிங்க பிடுங்கும்? இதுல கையெழுத்துப் போட்ட புண்ணியவானை மட்டும் கூண்டுல ஏத்தினேன்னா..."

"அது நான்தான்," என்றாள் அளவுகோல்.

தம்பி தலையைத் தூக்கினான். வக்கீலின் முகம் மெல்ல மலர்ந்தது. அடடா, இது நல்லதாகப் போயிற்று என்றார். நீங்களே சாட்சி சொல்லுங்கள். அளந்த அன்றைக்கு நான்குதான் இருந்தது, மழையில் ஆழமாகிவிட்டது என்று சொன்னால் போதும். தம்பியும் தப்பிப்பான், உங்கள் கையெழுத்துக்கும் பங்கம் வராது, மழையைக் கைது செய்ய யாராலும் முடியாது. அவர் சிரித்தார். தம்பிக்கும் நிம்மதி வந்துவிட்டது. அக்கா கை வைத்தால் சரியாக இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே நம்புகிறவன் அவன்.

வார்னிஷிடம் சொன்னபோது அவரும் அதையே பிடித்துக்கொண்டார். மழைதாம்மா, இயற்கைச் சீற்றம், பேஷாகச் சொல்லு என்றார். இதற்குள் மேலேயிருந்து டீமும் வந்து போயிருந்தது. மூன்று பேர். மார்க்கெட் ரோட்டில் போனால் இடுப்பு கழன்றுவிடும் என்று டிரைவர் சுற்றுவழியாக அழைத்து வந்தார். அவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து, சுவரில் போட்டுக் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு, திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே சுற்றுவழியில் திரும்பினார்கள்.

கோர்ட்டுக்கு முதல் நாள் மானியம் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. வார்னிஷ் ஆபீஸ் முழுவதும் இனிப்புக் கொடுத்தார். அளவுகோலுக்கு மட்டும் இரண்டு. உன் கையெழுத்துக்குக் கிடைத்த பரிசு இது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒன்றைக் கடித்தாள். வாயில் போனது உள்ளே போகவில்லை. கழிப்பறையில் போய்த் துப்பிவிட்டு, அங்கே கண்ணாடியில் தெரிந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காலை அவள் புடவைக்கு அடியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

கோர்ட் அறை சின்னது. மின்விசிறி ஒன்று கொடக் கொடக்கென்று சுற்றியது. தம்பி கைகட்டி நின்றான். தையல்காரி முதல் பெஞ்சில், காலை நேராக நீட்டி வைத்து, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மெஷின் மிதிக்கிற கால் அது.

அளவுகோல் கூண்டில் ஏறி, சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள். அளந்த அன்றைக்கு நான்கு, பிறகு மழை. தம்பியின் வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். அரசு வக்கீல் எழுந்தார். ஆளைப் பார்த்தால் தூங்கி எழுந்தவர்போல இருந்தார், கேள்வி அப்படி இல்லை.

"அஞ்சாந்தேதி நாலு சென்டிமீட்டர். பதினாறாந்தேதி உங்க தம்பி சொல்ற கணக்குப்படி ஒரு சாண் ஆழம். நடுவுல ஒருநாள் மழை. தார் ரோடும்மா, சர்க்கரை இல்ல. பதினாறு வருஷ அனுபவத்துல ஒரு மழைக்கு இப்படிக் கரைஞ்ச ரோடு ஒண்ணைச் சொல்லுங்க பாப்போம்."

கரையாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும். அரசு வக்கீல் நீதிபதியின் பக்கம் திரும்பினார். விபத்து நடந்த அன்றைக்கு அப்படி ஒரு குழியே அங்கே இல்லை, இப்போது இருப்பது பிறகு விழுந்தது, வண்டி ஓட்டியவர் கற்பனை செய்கிறார், கூடப்பிறந்த பாசத்தில் இவர் ஒத்து ஊதுகிறார், வேறு ஒன்றுமில்லை என்றார். நீதிபதி அம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். தையல்காரியும் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம்கூட இல்லை, உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலித்த களைப்புதான் இருந்தது. அளவுகோல் நீதிபதியின் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சாந்தேதி நாலு இல்லீங்க. அதுக்கு முன்னாடியே பத்தொன்பது இருந்துச்சு. மேல தூளைப் போட்டு மறைச்சோம்."

அவ்வளவு துல்லியமாகப் பத்தொன்பது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். அவள் கைப்பையைத் திறந்து பழைய புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

"நான்தாங்க அளந்தேன். வெட்டச் சொல்லி வட்டம் போட்டதும் நான்தான். ஏழா இருந்ததை நாங்கதான் கடப்பாரை போட்டுப் பத்தொன்பது ஆக்கினோம். மானியத்துக்காக."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையை, வாளித் தண்ணீரை, மூன்றாம் இணைப்பை, கிரஷர் தூளை. டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் கையை நிறுத்தினார். ஆவணத்தில் மேற்பரப்புத் தாழ்வு என்று இருக்கிறது, இவர் குழி என்கிறார், எதைப் போடுவது என்று கேட்டார்.

"குழின்னே போடுங்க," என்றாள் அளவுகோல். "வெட்டின குழி."

பழைய புத்தகத்தையும், ஆபீஸிலிருந்து புதியதை வரவழைத்து அதையும் மாநில அரசுக்கு அனுப்பச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டார். தம்பியை விடுவித்து, லைசென்ஸை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். மானியம் இனி வராது. மார்க்கெட் ரோடு முப்பத்தொன்று மார்க்கோடு, பின்னர் அறிவிக்கப்படும் திட்டத்துக்குக் காத்துக் கிடக்கும். அவளுடைய வேலையும் போகும், அதற்கு முன் வார்னிஷ் எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டு வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொள்வார். கோர்ட் படி இறங்கும்போது அதெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது, ஆனாலும் பல மாதத்துக்குப் பிறகு மூச்சு நெஞ்சு வரைக்கும் போய் வந்தது. தம்பி பிழைத்துவிட்டான், அது போதும் என்று நினைத்தாள்.

தையல்காரி அவர்களைத் தாண்டிப் போனாள். கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு படியாக. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அளவுகோல் ஓரடி வைத்தாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

தம்பி தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தான். லைசென்ஸ் கையில் இருந்தது. நன்றி சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, திட்டுவான் என்று நினைத்தாள். எனக்கு நீயே குழி பறித்தாயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லத் தயாராக இருந்தாள். அவன் அதைக் கேட்கவில்லை.

"மழையில தூள் போயிடுச்சுன்னு முதநாளே உனக்குத் தெரியும். இல்லக்கா?"

"தெரியும்."

"மறுநாள் காலையில நீதான் டிபன் டப்பாவை எடுத்துக் குடுத்தே."

"ஆமா."

"செருப்புக்கடைகிட்ட குழி இருக்குடா, பாத்துப் போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வீட்டுலகூடவா அந்த வார்த்தையச் சொல்லக் கூடாது?"

அவன் லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி அவளுக்கு முன்னால் நடந்து போனான்.